இழுக்க இழுக்க இறுகும் முடிச்சு

எனக்கு ஆட்டிசம். மனம் கலங்கினால் தென்னை ஓலையிலிருந்து ஈர்க்கைக் கிழித்துக்கொண்டே இருப்பேன். விரல் ஓடினால்தான் மூச்சு சீராகும். எங்கள் ஊர் பெருமாட்டியில், எங்கள் தோப்பில் ஓலைக்குப் பஞ்சமில்லை. தூக்கம் கெட்டு மனநல வார்டில் சேர்ந்தபோது, ஓலை இல்லாமல் படுக்கை விரிப்பை நூல் நூலாக உருவினேன். நர்ஸ் என் கைகளைத் துணியால் கட்டிலோடு கட்டினார். விடுவித்துக்கொண்டேன். துணைக்கு இருந்த அம்மா எழுந்து வந்து, கன்றுக்குட்டிக்குப் போடும் முடிச்சைப் போட்டாள். இழுக்க இழுக்க இறுகும்.

"அம்மா போட்டதுதான் கட்டு!" என்று நர்ஸ் சிரித்தார்.

மறுநாள் காலை வேலைக்கு வந்த வேறொரு நர்ஸ் கட்டை அவிழ்த்தார். எங்கள் பக்கத்து எலப்புள்ளி ஊர்க்காரர்.

"உங்க கைக்கு என்ன வேணுமுங்க?"

"அவளுக்கு என்னங்க தெரியும்? கட்டியே வெய்யுங்க," என்றாள் அம்மா.

"நான் அவங்களத்தான் கேட்டேனுங்க."

எனக்குச் சட்டென்று பேச்சு வராது. அவர் காத்திருந்தார்.

"ஓலை," என்றேன்.

ஆஸ்பத்திரி முற்றத்திலிருந்து ஒரு கீற்று கொண்டுவந்து தந்தார். கிழித்தபடியே தூங்கிப்போனேன்.

விழித்தபோது அவர் வேலை முடிந்து போயிருந்தார். கீற்று குப்பைக் கூடையில் கிடந்தது. கைகளில் அம்மாவின் முடிச்சு. இழுத்தால் இறுகுமே என்று அசையாமல் கிடந்தேன். அதைப் பார்த்து, தெளிந்துவிட்டேன் என்று சில நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

"கட்டிப்போட்டதுனாலதானுங்க என்ற புள்ள தெளிஞ்சா," என்று அம்மா இன்றும் ஊரெல்லாம் சொல்கிறாள்.

அவளுக்கு வயதாகிவிட்டது. இப்போது அவள் கைகளும் ஓயாமல் சேலைத் தலைப்பைப் பிய்க்கின்றன. எனக்கு அந்த முடிச்சும் தெரியும், அந்த நர்ஸ் கேட்ட கேள்வியும் தெரியும். என்னிடமிருந்து எது முதலில் வரும் என்றுதான் தெரியவில்லை.