கையைத் தூக்காத அம்பயர்

முனியசாமிக்குக் குன்னூரில் உரிமையோடு போய் உட்கார ஒரே ஒரு வீடுதான் இருந்தது. அது வேலுமணியின் வீடு.

முனியசாமி தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டர். கல்யாணமாகி வந்த மனைவி இரண்டு குளிர்காலம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். மூன்றாவது குளிருக்கு முன் சாத்தூருக்கே போய்விட்டார். கூப்பிட்டும் வரவில்லை. அதன்பின் மனிதர் குவார்ட்டர்ஸில் தனிக்கட்டை. பஜாரில் ஹார்டுவேர் கடை வைத்திருந்த வேலுமணிதான், போல்ட் வாங்க வந்தவரைப் பார்த்து மனசு கேட்காமல் ஞாயிறு மத்தியானம் சாப்பிட அழைத்துப் போனார். போனவர் வருஷக்கணக்கில் போய்க்கொண்டிருந்தார். ஞாயிறானால் வேலுமணியின் மனைவி மருதாம்பாள் ஓர் ஆளுக்குச் சேர்த்தே அரிசி களைவார். மகள் பாலாமணிக்கு முனியசாமி மாமா.

இவருக்கும் பேஸ்பாலுக்கும் என்ன சம்பந்தம் என்றால், ஒன்றுமில்லை. தொண்ணூறுகளில் எங்கள் பள்ளிகளுக்கு அந்த ஆட்டம் வந்தபோது, கோயம்புத்தூரில் நடந்த அம்பயர் பயிற்சிக்குப் போக ஆளில்லை. இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற உத்தியோகத்துக்கு எவன் ஆசைப்படுவான்? சாயங்காலங்களை என்ன செய்வதென்று தெரியாத முனியசாமி போனார். சட்டப் புத்தகத்தை நெட்டுருப் போட்டார். போதாததற்குத் தானாக ஒரு சட்டமும் போட்டுக்கொண்டார்: ஆடுகிறவர்களோடு அம்பயர் ஆட்டத்தைப் பற்றிப் பேசக் கூடாது. பாலாமணி பள்ளி அணியில் சேர்ந்த பிறகு அந்த வீட்டில் அவர் பேஸ்பால் பேச்சையே எடுப்பதில்லை. அவள் சந்தேகம் கேட்டால், பி.டி. டீச்சரைக் கேள் என்று சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றிக்கொள்வார். அந்த ஆட்டங்களுக்கு ஸ்கோர் எழுதுகிற எனக்கே அது கொஞ்சம் அதிகமாகத்தான் பட்டது.

மாவட்ட இறுதி ஆட்டம் வந்தது. கடைசி இன்னிங்ஸ், ஸ்கோர் சமம். பாலாமணியின் அணியில் இரண்டு பேர் அவுட்; மூன்றாவது ஆளும் அவுட்டானால் அவர்கள் முறை முடிந்தது. மூன்றாவது பேஸிலிருந்து பாலாமணி ஓடிவந்தாள். ஹோம் பிளேட் என்கிற அந்த ஐந்து மூலை வெள்ளை ரப்பர் பலகையைத் தொட்டால் வெற்றி. ஈரத் தரையில் சறுக்கினாள். பலகைக்குப் பின்னால் நிற்கிற எதிரணி கேட்சர், பந்தால் தொட்டு அவுட்டாக்கப் பாய்ந்தாள். பந்து இவள்மேல் படவில்லை. இவள் காலும் பலகையில் படவில்லை. ஒரு விரற்கடை தள்ளிப் போய்விட்டது. அதைப் பார்த்தது குனிந்து நின்ற முனியசாமி மட்டும்.

இந்த இடத்தில் சட்டம் விசித்திரமானது. அம்பயர் அவுட் என்றும் சொல்லக் கூடாது, சேஃப் என்றும் சொல்லக் கூடாது. கையையே அசைக்கக் கூடாது. ஓடிவந்தவள் புரிந்துகொண்டு திரும்பிப் போய்த் தொட்டால் ரன். அவள் போகாமல், கேட்சர் பந்தோடு பலகையை மிதித்து முறையிட்டால் அவுட். அதுவரை அம்பயர் இடித்த புளி மாதிரி நிற்க வேண்டியதுதான்.

பாலாமணி எழுந்து அவர் முகத்தைப் பார்த்தாள். அதில் ஒன்றும் இல்லை. வேலியோரம் வேலுமணி கைதட்டிக்கொண்டிருந்தார். தோழிகள் அவளை அணைத்துக் கூட்டிக்கொண்டு போனார்கள். திரும்பி வா, திரும்பி வா என்று முனியசாமி மனசுக்குள் கத்தினாராம். பிறகு என்னிடம் சொன்னார். கேட்சர் பலகையில் கால் வைத்துப் பந்தைக் காட்டி, "சார், அவ தொடல" என்றாள். முனியசாமி முஷ்டியை உயர்த்தினார்: அவுட். கூடுதல் இன்னிங்ஸில் எதிரணி ஜெயித்தது.

அடுத்த ஞாயிறு அவர் தயங்கித் தயங்கித்தான் போனார். வேலுமணி பெரிய மனிதர். சட்டம் அதுதான் என்றால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று சொல்லி, பக்கத்தில் உட்காரவைத்தார். மருதாம்பாள் வழக்கம்போலப் பரிமாறினார். பாலாமணிதான் தண்ணீர்ச் சொம்பை வைத்துவிட்டு நின்றாள்.

"மாமா, கால் பட்டுதா இல்லையான்னு எனக்கே சந்தேகந்தானுங்க. அதான் உங்க மூஞ்சியப் பார்த்தேன். நீங்க சும்மா நின்னீங்க, சரியாத்தான் இருக்கும்னு போயிட்டேன். கையத் தூக்கலைன்னா திரும்பிப் போய்த் தொடோணும்னு, இத்தன ஞாயித்துக்கெழமைல ஒரு நா சொல்லியிருக்கலாமுங்கல்ல?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. அவர் முன்பே சொல்லியிருந்தால் தப்பே இல்லை. எந்தப் புத்தகமும் அதைத் தடுக்கவில்லை. தடுத்தது அவர் போட்டுக்கொண்ட சட்டம்.

அதற்கப்புறம் அவர் அந்த வீட்டுக்குப் போகவில்லை. வேலுமணி இரண்டு முறை குவார்ட்டர்ஸுக்கே வந்து கூப்பிட்டார். இவர் டூட்டி என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் தானே பொங்கித் தானே தின்றார். எனக்கு ஆற்றாமையாக இருந்தது. யாருமே வரவேண்டாம் என்று சொல்லாத வீட்டை ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன்.

"அந்தப் புள்ள கேட்டதுக்கு எங்கிட்டப் பதில் இல்லைங்க. பதில் இல்லாம அந்த வீட்டுல எப்படிங்க கை நனைக்கிறது?" என்றார்.