அக்காவைக் கேட்காமல் கொடுத்த மாத்திரை

இந்த ஊரில் மாத்திரை கொடுப்பதற்கு முன்னால் அனுமதி கேட்க வேண்டும். மனநல மருத்துவமனையிலிருந்து வெளியே வந்தவர்கள் தங்கும் விடுதி ஒன்றில், இங்கிலாந்தில், எனக்கு வேலை. காலையில் வால்ட்டர் என்ற பெரியவரின் கதவைத் தட்டி, இப்போது மாத்திரை எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்பேன். வேண்டாமென்றால் காரணம் கேட்டு எழுதிவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். சேர்ந்த புதிதில் எனக்குச் சிரிப்பாக இருந்தது. நோயாளியிடம் போய் யாராவது யோசனை கேட்பார்களா? உங்கள் நாட்டில் இதையெல்லாம் யார் செய்வார்கள் என்று வால்ட்டர் ஒருமுறை விசாரித்தார். குடும்பம்தான் என்றேன். கொடுத்துவைத்தவர்கள் என்றார். நான் மறுக்கவில்லை.

சென்ற வருடம் என் அக்கா ஜெயராணி மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து திண்டுக்கல் வீட்டுக்குத் திரும்பினாள். மாத்திரையை விடக்கூடாது, மாதம் ஒருமுறை டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். தெருக்கோடி எஸ்டிடி பூத்தில் அம்மாவும், இங்கே போன் கார்டோடு நானுமாகப் பொறுப்பைப் பிரித்துக்கொண்டோம். மாத்திரை, டாக்டர் பீஸ், மதுரைக்குப் போய்வரக் கார் எல்லாம் என் சம்பளத்தில். மாத்திரையை உள்ளே தள்ளுவது அம்மாவின் பாடு. அக்காவோ மாத்திரையைக் கண்டாலே எரிந்து விழுந்தாள். அம்மா அதைப் பொடித்துக் குழம்பில் கலந்தாள். இப்படி ஆள் இருக்கும் வீடுகளில் எங்கள் பக்கம் நடப்பதுதான்.

ஒருநாள் அம்மா நுணுக்குவதை அக்கா பார்த்துவிட்டாள். சண்டை போடவில்லை. அன்றிலிருந்து அம்மா சமைத்த எதையும் தொடவில்லை. தோல் உரிக்காத வாழைப்பழம், ஓடு உடையாத அவித்த முட்டை, இவ்வளவுதான் சாப்பாடு. இரண்டிலும் எதையும் கலக்க முடியாதல்லவா? ஆள் துரும்பாகிவிட்டாள் என்று அம்மா அழுதாள். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. மறுபடி மதுரைக்கே அனுப்பிவிடலாமா என்றுகூடப் பேசினோம்.

கடைசியில் அக்காவைப் பூத்துக்கு அழைத்துவரச் சொல்லி, வால்ட்டரிடம் கேட்பதைப் போலவே, மாத்திரை ஏன் வேண்டாம் என்று கேட்டேன்.

“கை நடுங்குதுடா. டம்ளரப் பிடிக்க முடியல. இம்புட்டு நாளா இத யாரு கேட்டீக?”

அடுத்த முறை டாக்டரிடம் அவளே பேசினாள். அவர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். பணத்தை இனித் தன் பேருக்கே அனுப்பச் சொன்னாள், அனுப்பினேன். நடுக்கம் குறைந்தது. இப்போது அவளே கடைக்குப் போய் வாங்கி, அவளே போட்டுக்கொள்கிறாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று நிம்மதியாக இருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பேசியபோது, வீட்டில் என்ன சாப்பாடு என்று கேட்டேன். தனியாகப் பொங்கித் தின்பதாகச் சொன்னாள்.

“அம்மா மேல கோவமில்லடா. ஆனா அது வைக்கிற சோறு உள்ள எறங்க மாட்டேங்குது. நீ ஒருக்கா வா. எனக்கு முன்னாடி உக்காந்து ஒரு வாய் தின்னு. பெறகு நானும் திங்குறேன்.”

லீவு கிடைக்க இன்னும் பல மாதங்கள் ஆகும் என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

அன்று மத்தியானம் விடுதியில் வால்ட்டருக்கு எதிரே உட்கார்ந்தேன். தங்கியிருப்பவர்களோடு சேர்ந்து சாப்பிடுவதும் எங்கள் வேலையில் சேர்த்தி, அதற்கும் சம்பளம் உண்டு. நான் ஒரு வாய் எடுத்து வைத்தேன். அதைப் பார்த்துவிட்டு அவரும் சாப்பிடத் தொடங்கினார்.