அத்தானின் குறட்டையும் ஆய்வு மாநாடும்

என் அக்கா புருஷன் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதி அடுக்குமாடிகளின் லிஃப்டுகள் அவர் கையில்தான் இருக்கின்றன. கதவு மூடும்போது லேசாக ஒரு கிறீச் கேட்டால் போதும், எங்கே தேய்ந்திருக்கிறது என்று கீழே நின்றே சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்ட காதுக்குத் தன் குறட்டை மட்டும் கேட்காது. கல்யாணமான நாளிலிருந்து அக்கா சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவரும் இல்லவே இல்லை என்று சாதித்துக்கொண்டிருக்கிறார்.

"நானா? குறட்டையா? நான் தூங்கினா மூச்சு வருதான்னு குனிஞ்சு பாக்கணும், தெரியுமா?"

அவர்கள் வீட்டுக்குப் போனால் நான் சமையலறையில் போய்ப் படுப்பேன். அங்கேயும் தட்டு அலமாரி அதிரும். காலையில் சாட்சி சொன்னால், "நீ அக்காவுக்கு ஜால்ரா" என்று ஒரே போடாகப் போட்டுவிடுவார். மனுஷன் பொய் சொல்கிறவர் இல்லை. உண்மையாகவே நம்புகிறார், அதுதான் எரிச்சல்.

அவர் மகள் பல்கலைக்கழகத்தில் கணினி படிக்கிறாள். மாணவர் ஆய்வு மாநாட்டுக்கு அவள் கட்டுரை தேர்வானது. குறட்டைச் சத்தத்தைக் கேட்டே, தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா என்று கண்டுபிடிக்கும் மென்பொருள். அதற்குக் குறட்டை வேண்டும், நிறைய வேண்டும். வீட்டிலேயே சுரங்கம் இருக்கும்போது வெளியே எதற்கு அலைய வேண்டும்? பழைய செல்போனைப் பீரோ மேல் வைத்துப் பதிவு செய்தாள். ஒவ்வொரு துண்டாகக் கேட்டு, 'குறட்டை', 'குறட்டை இல்லை' என்று பிரித்துக் கொடுத்தது அக்கா. அந்த வேலையை அவள் எவ்வளவு ரசித்துச் செய்தாள் என்பதை நான் கண்ணால் பார்த்தேன். "ஏதோ சத்தம் சம்பந்தப்பட்ட ஆராய்ச்சிப்பா" என்று அத்தானிடம் மழுப்பிவிட்டார்கள்.

மாநாட்டன்று அத்தான் லீவு போட்டு, தேய்த்த சட்டையோடு முதல் ஆளாகப் போய்ச் சேர்ந்தார். தன்னைப் பார்த்தால் மகளுக்கு உதறல் எடுக்கும் என்று கடைசி வரிசையில் எங்களை உட்கார வைத்தார். கழுத்தில் அட்டை தொங்க, பிள்ளைகள் எழுதி வைத்ததை உதட்டுக்குள் ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பெண் மேடையேறினாள். 'பங்கேற்பாளர் ஒன்று, ஆண், வயது ஐம்பத்து மூன்று' என்று திரையில் காட்டிவிட்டு ஒலியைத் தட்டிவிட்டாள்.

அரங்கமே குலுங்கிச் சிரித்தது. எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவர் அத்தான்தான். "யாருடா இந்தப் புண்ணியவான்? இவன்கூட இவன் பொண்டாட்டி எப்படித்தான் குப்பை கொட்டுறாளோ!" என்று என் தொடையில் தட்டினார். அக்கா கூரையைப் பார்த்தாள்.

அமர்வுக்குத் தலைமை வகித்த பேராசிரியை ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "பதிவு பண்ண அவர்கிட்ட சம்மதம் வாங்கினீங்களாம்மா?"

அவள் முகம் வெளிறிவிட்டது. "இல்ல மேடம்."

"அப்ப இந்தக் கட்டுரையை ஏத்துக்க முடியாதே."

அத்தானுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "அந்த ஆளு வந்து சரின்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன, கிரீடம் இறங்கிடுமா?" என்று அக்காவிடம் சீறினார்.

"சொல்லுவாரா?"

"ஏன் சொல்ல மாட்டான்? ஆளைக் காட்டு, நான் பேசுறேன்."

அக்கா அவரையே பார்த்தாள். மேடையிலிருந்து மகளும் அவரையே பார்த்தாள். நானும் பார்த்தேன். அத்தான் பின்னால் திரும்பிப் பார்த்தார். அங்கே வெறும் சுவர்தான் இருந்தது.

அவருக்குப் புரியத் தொடங்கியதைப் பார்க்கவே பாவமாக இருந்தது. மெல்ல எழுந்து நின்றார். "மேடம், அது... நான்தான் போலிருக்கு."

பேராசிரியை சிரிக்கவில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது. "உங்க பொண்ணு முன்னாடியே கேட்டிருக்கணும், அது தப்பு. அதனால முடிவு உங்களோடது. வேண்டாம்னா இப்பவே எல்லாப் பதிவையும் அழிக்கச் சொல்றேன்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

இத்தனை வருஷத்து வழக்கு ஒரே வார்த்தையில் தள்ளுபடியாகிவிடும். அத்தான் கண்ணில் அந்த ஆசை பளிச்சென்று தெரிந்தது. மேடையில் அவள், அழுதுவிடக் கூடாதென்று உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"இருக்கட்டும் மேடம்," என்றார் அத்தான். "நான் குறட்டை விடுறவன்தான். வீட்ல எல்லாருக்கும் தெரியும், எனக்குத்தான் இன்னிக்குத் தெரிஞ்சுது. எனக்குச் சம்மதம்."

கைதட்டல் அடங்கவே இல்லை. இந்த வாக்கியத்துக்காகத்தானே அக்கா காத்திருந்தாள்? ஜெயித்த பெருமையில் மிதப்பாள் என்று நினைத்துத் திரும்பினேன். அவள் விருட்டென்று எழுந்தாள்.

"தினமும் இல்ல மேடம்," என்றாள். "லிஃப்ட் குழிக்குள்ள ஏறி இறங்கி அலுத்து வர்ற அன்னிக்கு மட்டும்தான். மத்த நாள்ல குழந்தை மாதிரி தூங்குவாரு."

மேடையில் மகள் தலையில் கைவைத்துக்கொண்டாள். "அம்மா, 'குறட்டை'ன்னு பிரிச்சுக் குடுத்ததே நீதானே! என் ஆராய்ச்சியே போச்சு, உட்காரும்மா!"