மஞ்சள் துணியைப் பிடிக்கிற வேலை

மர்பி டவுனில் என்னைப் போல தைரியசாலி எவனும் கிடையாது. சுத்தப் பொய். குளிக்கிற இடத்தில் பல்லி இருந்தால், அம்மா வந்து விரட்டும் வரை நான் குளிப்பதில்லை. நாலாவது வரைக்கும்தான் படித்தேன், அதுவும் பள்ளிக்கூடம் வீட்டுக்கு எதிரிலேயே இருந்ததால். இப்போது பந்தல் சாமான் வாடகைக்கு விடும் டென்ட் ஹவுஸில் நாற்காலி தூக்குகிறேன். கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் அதே நாற்காலிதான். கழுவுகிறோமா என்று கேட்காதீர்கள்.

அவனை முதன்முதலாகப் பார்த்ததும் அந்த நாற்காலிகளோடுதான். ஒரு கல்யாண மண்டபத்தில் லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டது. உள்ளே நானும் அடுக்கிய நாற்காலிகளும். நான் போட்ட கூச்சலில் மேளச் சத்தம் கேட்கவில்லை என்றார்கள். பொம்மனஹள்ளியிலிருந்து வந்த லிஃப்ட் மெக்கானிக் கதவை நெம்பித் திறந்து என் முகத்தைப் பார்த்தான்.

"அழுதியா?"

"வேர்வை."

"கண்ணுல மட்டும் வேர்க்குமா குரு?" எங்கள் ஊரில் முன்பின் தெரியாதவனும் 'குரு'தான்.

அன்றைக்கு விழுந்தவன்தான், இன்னும் எழுந்திருக்கவில்லை. அவனும் விழுந்திருக்கிறான் என்று எனக்குப் புரிய ஒரு வருஷம் ஆனது. பிறகு எங்கள் தெருவிலேயே ரூம் எடுத்தான். தெருவுக்கு நாங்கள் சிநேகிதர்கள். அம்மாவுக்கும் அப்படித்தான்.

சிக்கல் என்னவென்றால், அவன் மேல் அம்மன் வரும்.

போன ஆடியில் கோயிலில் கூழ் வாங்க நின்றவன், பம்பைச் சத்தம் கேட்டு உடம்பு உதறிக் குறி சொல்ல ஆரம்பித்துவிட்டான். சாமி வந்தவர் விழுந்து அடிபடாமல் இருக்க, இடுப்பில் மஞ்சள் துணியைச் சுற்றி, பின்னாலிருந்து ஒருவன் பிடித்துக்கொள்ள வேண்டும். அன்றிலிருந்து அவன் மேல் அம்மன் வரும்போதெல்லாம் அந்த வேலைக்கு நான் முண்டியடித்துக்கொண்டு ஓடினேன். பக்தி என்று நினைத்தார்கள். ஊரே பார்க்க, பட்டப்பகலில், நான் அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம். ஒருத்தரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். பக்கத்து வீட்டுக் கன்னடக்காரம்மா, "கெட்டியா ஹிட்கோப்பா" என்று உற்சாகம் வேறு கொடுக்கும். கெட்டியாகத்தான் பிடித்தேன்.

ஆனால் பேசுவது அம்மனா, இவனா? இந்த ஆடித் திருவிழாவுக்கு முதல் நாள் கேட்டே விட்டேன்.

"நெஜமா சொல்லு. நடிக்கிறியா?"

"வாய் என்னுது. பேச்சு என்னுது இல்ல. முழிச்சா ஒண்ணும் ஞாபகம் இருக்காது."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

அவன் முகம் சுருங்கிவிட்டது. "நானும் எல்லாரும் ஒண்ணா ஒனக்கு? நீ புடிப்பேன்னு நம்பித்தான் நான் பின்னால சாயுறேன். நீ என்ன நம்ப மாட்டேங்குற."

எனக்கு இரண்டு பக்கமும் அடி. நடிப்பு என்றால் நான் ஒரு புளுகனைக் காதலிக்கிறேன். உண்மை என்றால் அம்மனுக்கு எங்கள் விஷயம் தெரியும், யாராவது கேட்டால் சொல்லியும் விடுவாள். யோசித்துப் பார்த்து, நடிப்பாகவே இருக்கட்டும் என்று அந்த அம்மனிடமே வேண்டிக்கொண்டேன். என் மூளை அவ்வளவுதான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, திருவிழாவில் பம்பை அடித்தார்கள். அவன் உதறினான். நான் துணியைக் கையில் சுற்றிக்கொண்டேன். ஒருத்தி காணாமல் போன கொலுசைக் கேட்டாள். ஒருவர் மகனின் வேலையைக் கேட்டார். நான் பாட்டுக்குச் சுகமாக நின்றேன். அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு, தட்டில் எலுமிச்சம்பழத்தோடு வந்தது என் அம்மா.

"தாயே, பின்னால புடிச்சினு நிக்கிறானே, எம்புள்ள. இவனுக்குக் கல்யாணம் எப்போ ஆவும்? எந்தப் பொண்ணப் பாத்தாலும் வாணாங்கிறான்."

"தை மாசம்னு சொல்லி அனுப்புடா" என்று அவன் காதில் கெஞ்சினேன். அவன் உடம்பு நெருப்பாகக் கொதித்தது. ஆட்டம் சட்டென்று நின்றது. பிறகு அந்தத் தொண்டையிலிருந்து வந்தது அவன் குரல் இல்லை. அவசரமே இல்லாத ஒரு பெண்ணின் குரல்.

"மீச மொளைக்கிற வயசுல இவன் என் வேப்பமரத்துல வேண்டிக்கினு மஞ்சக் கயிறு கட்டுனான். என்ன மாத்திடு தாயேன்னு அழுதான். வருசா வருசம் வந்து அழுதான். மாத்துறதுக்கு இவன்கிட்ட இன்னாடி கீது? நான்தான இப்படிச் செஞ்சேன்."

அதை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. அவனிடமும் சொன்னதில்லை. குடித்தால் ஏடிஎம் நம்பரைக் கூட உளறுகிறவன், உளறாமல் வைத்திருந்த ஒரே விஷயம் அது.

"பொண்ணு பாக்காத," என்றது குரல். "இந்தத் துணி இவன் கையிலயே இருக்கட்டும்."

ஆளைத் தாங்குகிற வேலைக்கு நின்றவன் அப்போது என்ன செய்தேன்? கை மரத்துப்போய்த் துணியை விட்டுவிட்டேன். அம்மன் இறங்கியதும் அவன் எப்போதும் போலப் பின்னால் சாய்ந்தான். படிக்கட்டு விளிம்பில் மண்டை இடித்தது.

ஆட்டோவில் அவன் தலை என் மடியில் இருந்தது. மஞ்சள் துணியைக் காயத்தில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தேன். கண் திறந்தான்.

"இன்னா சொன்னேன்?"

பொய் சொல்ல என் வாய் தயாராகத்தான் இருந்தது, அதற்கு நல்ல பழக்கம். ஆனால் வரவில்லை. கயிறு கட்டியதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"நீ கயிறு கட்டுனது எனக்கு எப்படிடா தெரியும்?"

"தெரியாது. அதான் நம்புறேன்."

"நம்புனவன் கைய உட்டுட்டியே."

"பயந்துட்டேன். இனிமே என் கையச் சேத்து முடிச்சுப் போட்டுக்கோ."

"சிரிக்க வைக்காதடா, வலிக்குது" என்றான். கொஞ்சம் கழித்து, "ஒங்கம்மா?" என்றான்.

அதைத்தான் நான் நினைக்காமல் இருக்கப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் தையல் போட்டு முடிக்கும்போது அம்மா வாசலில் வந்து நின்றது. கையில் அதே தட்டு. அவனைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, பிறகு அவன் கையைப் பிடித்திருந்த என் கையைப் பார்த்தது. இந்தத் தடவை நான் விடவில்லை. அம்மா கிட்டே வந்து, தட்டைக் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டு, வாயைத் திறந்து—

இதை இங்கே வரைக்கும் எழுதும்போது, வீட்டுக்குள்ளிருந்து அதே அம்மா சத்தம் போடுகிறது:

"டேய், எழுதிக் கிழிச்சது போதும், ஜல்தி வாடா. அவனுக்குக் கட்டுப் பிரிக்கணும், நீ வந்து புடிச்சாதான் ஒக்காருவேன்னு அடம் புடிக்கிறான்."