மருமகன் எரித்த நொச்சி

மரியங்கண்டுவின் மூட்டுவலிக்கு நிந்தவூரில் மருந்து இல்லாமல் இல்லை. கல்முனை ஆஸ்பத்திரிக் குளிசை போத்தல் நிறையக் கிடந்தது. அவளுக்கு நம்பிக்கை என்னவோ நொச்சியிலும் பாவட்டையிலும்தான். வயல் வரம்போரம் ஒடித்து வந்து, நிழலில் காயவைத்து, சாக்கில் கட்டி வைப்பாள். ஒரு பிடியை அவித்து அந்தத் தண்ணீரில் குளித்து, வெந்த இலையைத் துணியில் முடிந்து ஒத்தணமும் பிடித்தால், முழங்கால் சொன்னபடி கேட்கும். போன நோன்பு முழுக்கக் கதிரையில் உட்கார்ந்து தொழுதது அவளுக்குத் தீராத மனக்குறை. இந்த நோன்புக்காவது கால் மடங்க வேண்டும், நெற்றி பாயைத் தொட வேண்டும்.

அந்த இலையைத்தான் மருமகன் மசூர் மாட்டுக் கொட்டிலில் கொட்டி, நுளம்புக்குப் புகை போட்டுத் தீர்த்தான்.

எரித்தவனைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. வீட்டோடு வந்த மருமகனோடு மாமி முகம் கொடுத்துக் கதைப்பது வழக்கமில்லை. கலியாண நாளிலிருந்து இருவருக்கும் இடையில் குசினித் திரைதான். தூது போவது மகள் றம்ஸியா. மகளிடம் சொல்லித் தீராததைப் பூனை கேட்கும். மாட்டை நுளம்பு கடித்தால் மனுசருக்குக் கால் போக வேண்டுமா என்று பூனையைத்தான் ஏசுவாள், முன்மண்டபத்துக்குக் கேட்கும்படி. பூனை என்ன செய்யும், பாவம்.

தூது சுமந்து றம்ஸியாவுக்கும் அலுத்துவிட்டது. இனித் தன்னால் ஏலாது, உங்கள் கதையை நீங்களே கதையுங்கள் என்று இரண்டு பக்கமும் சொல்லிவிட்டாள். போதாக்குறைக்கு மசூர் கொட்டில் கூரைமேல் என்னமோ சருகைப் பரப்பி வைத்திருந்தான். வீட்டைக் குப்பைமேடாக்குகிறான் என்று மரியங்கண்டுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏறிப் பார்க்கக் காலா இருக்கிறது? அந்த ஏச்சும் பூனைக்கே போனது.

நோன்பு நெருங்கிவிட்டது. றம்ஸியா பிள்ளைக்கு ஊசி போடக் கல்முனைக்குப் போயிருந்தாள். வெறும் சாக்கை உதறி, ஒட்டியிருந்த பொடியை மரியங்கண்டு அவிக்கப் போட்டாள். தண்ணீர் கொதித்தபோது அடுப்புக்கல் விலகிப் பானை சரிந்தது. எழும்பப் பார்த்தால் முழங்கால் பூட்டிக்கொண்டது. இருக்கிற கடைசிப் பொடியும் அடுப்பில் கொட்டப் போகிறது. பூனையைப் பார்த்தாள். பூனையா பானை இறக்கும்?

“மருமகன்! இஞ்ச ஓடி வாங்க!”

மசூர் தலையைக் குனிந்தபடி திரையை விலக்கி வந்து பானையை இறக்கி வைத்தான். வெளியே போனான். கொட்டில் பக்கம் ஏணி சாத்தும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது அவன் இரண்டு கையிலும் காய்ந்த நொச்சி.

“எரிச்ச அடுத்த நாளே ஒடிச்சிட்டு வந்தது மாமி. குடுக்கச் சொன்னா றம்ஸியா ஏலாதெண்டுட்டா. நான் எப்பிடி வந்து கதைக்கிற?”

மரியங்கண்டுவின் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா?

“வெயில்ல போட்டா இலையில என்ன சத்து இரிக்கும்? நிழல்ல காயவெக்கணுமெண்டு தெரியாதா?”

“தெரியா மாமி. நீங்க ஒருநாளும் எனக்குச் சொல்லலயே.”

அவள் பூனையைப் பார்த்தாள். சொன்னதெல்லாம் பூனைக்குத்தானே.

தலைநோன்பு இரவுத் தொழுகையில், முனகிக்கொண்டேதான், அவள் நெற்றி பாயைத் தொட்டது. விடிந்ததும் அவள் திரையை ஒதுக்கி, மருமகனை நேரே பார்த்துச் சொன்னாள்.

“மாட்டுக்கு வேப்பஞ்சருகு போடுங்க மருமகன். நொச்சியத் தொடாதீங்க.”