டெலிபோன் வேலைக்கு ஒரு குரல்

பதினேழு வயதில் என்னை டெலிபோன் ஆபீசிலிருந்து இண்டர்வியூவுக்கு வரச் சொன்னார்கள். அதுவரை நான் டெலிபோனில் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை.

அப்போது நாங்கள் கோலாலம்பூருக்குப் பக்கத்தில் சாலாக் செலாத்தானில் ஒரு பலகை வீட்டில் இருந்தோம். நாங்கள் என்றால் அப்பாவும் நானும்தான். எனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போதே அம்மா காய்ச்சலில் போய்விட்டார். கூடப் பிறந்தவர்கள் இல்லை. அப்பாவுக்கு ஈயச் சுரங்கங்களுக்குக் கொதிகலன் செய்து கொடுக்கும் பட்டறையில் வேலை. இரும்புத் தகடுகளைச் சேர்த்து ஆணி அடிக்கும்போது ஓர் ஆள் கொதிகலனுக்குள்ளே உட்கார்ந்து ஆணியின் அடிப்பக்கத்தைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். வெளியிலிருந்து சம்மட்டி விழும். சிறு வயதிலிருந்தே அப்பா உள்ளே உட்காரும் ஆள். அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குக் காது போவது வழக்கம், அதை யாரும் பெரிய சங்கதியாகப் பேசியதில்லை. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்தே அப்பாவிடம் கத்தித்தான் பேச வேண்டும். பள்ளிக்கூடப் படிப்பு முடிவதற்குள் கத்தினாலும் கேட்காது என்று ஆகிவிட்டது. என் வாயைப் பார்த்துப் பாதி, கையைப் பார்த்துப் பாதி புரிந்துகொள்வார். அப்போதும் நான் கத்துவதை விடவில்லை. பழகிவிட்டது.

பள்ளிக்கூடத்தில் அதுவே தலைகீழ். கன்னிமாடத்துப் பள்ளியில் சேர்ந்த புதிதில் நான் வாயைத் திறந்தாலே சிஸ்டர்கள் காதைப் பொத்திக்கொண்டு, "இது பாசார் இல்லை" என்பார்கள். பிள்ளைகள் சிரிப்பார்கள். அதனால் வகுப்பில் உதடு மட்டும் அசைகிற மாதிரிப் பேசக் கற்றுக்கொண்டேன். பிறகு பேசுவதையே குறைத்துக்கொண்டேன். என்னிடம் இரண்டு குரல்கள் இருந்தன, வீட்டுக்கு ஒன்று, பள்ளிக்கு ஒன்று. நடுவில் மற்றவர்களெல்லாம் எப்படிப் பேசுகிறார்கள் என்பது எனக்குத் தெரியாது.

இந்த வேலையைப் பற்றிச் சொன்னவர் பள்ளியில் இங்கிலீஷ் பாடம் எடுத்த சிஸ்டர். இங்கிலீஷ் தெரிந்த பெண்களை எடுக்கிறார்கள், எழுதிப் போடு என்றார். போட்டேன். கூப்பிட்டுப் பதில் வருவதற்குள் அவரை ஈப்போவுக்கு மாற்றிவிட்டார்கள். போவதற்கு முன் ஒன்று மட்டும் சொல்லியிருந்தார். "அங்கே உன் முகத்தை யாரும் பார்க்க மாட்டார்கள். குரலைத்தான் கேட்பார்கள்."

அது எனக்கு ஆறுதலாகவே இல்லை. கூடப் படித்தவர்களில் ஒருத்தி கல்யாணமாகித் தைப்பிங் போய்விட்டாள். இன்னொருத்தி குடும்பத்தோடு ஊருக்குக் கப்பலேறிவிட்டாள். இரப்பர் விலை விழுந்து பல குடும்பங்கள் கப்பலேறிக்கொண்டிருந்த காலம் அது. இங்கிலீஷில் என்னோடு இரண்டு வார்த்தை பேசிப் பார்க்க எங்கள் வீட்டு வரிசையில் ஒருவரும் இல்லை. பக்கத்து வீட்டு அக்காவுக்குத் தமிழும் கொஞ்சம் மலாயும்தான் தெரியும். அவருக்கும் நாலு பிள்ளைகள், எந்நேரமும் வேலை. கிணற்றடியில் பார்க்கும்போது, "என்னமோ ஆபீசு வேலையாமே? உனக்கென்னம்மா, தொண்டை இருக்கு" என்பார். கேலியாகச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் நான் பேசுவதெல்லாம் அவர் வீட்டில் கேட்கும்.

பகலில் அப்பா பட்டறைக்குப் போன பின் வீட்டில் நான் ஒருத்திதான். சமையலை முடித்துவிட்டு, சுவரைப் பார்த்து நாற்காலி போட்டு உட்கார்ந்து எண்களைச் சொல்லிப் பார்ப்பேன். "ட்ரீ" என்று வரக்கூடாது, நாக்கைப் பல்லுக்கு நடுவே வைத்து "த்ரீ" என்று வரவேண்டும். அதை சிஸ்டர் பல தடவை திருத்தியிருந்தார். வாய்க்கு வருகிற எண்களையெல்லாம் சொல்வேன். கொஞ்ச நேரம் கழித்து என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருக்கும். நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பேன். தூரத்தில் சுரங்கத்து இயந்திரம் ஓடுகிற சத்தம் மட்டும் விடாமல் கேட்கும்.

ஒருநாள் துணிந்து கடைத்தெருவுக்குப் போனேன். அங்கே இரப்பர் வாங்கி விற்கும் சீன முதலாளி, தவுக்கே என்போம், அவர் கடையில் சுவரில் ஒரு டெலிபோன் மாட்டியிருந்தது. எங்கள் பக்கத்தில் நான் பார்த்த ஒரே டெலிபோன் அதுதான். தவுக்கே நல்ல மனிதர், அப்பாவைத் தெரிந்தவர். மலாயில் அவரிடம், டெலிபோனில் பேசிப் பார்க்க வேண்டும், வேலைக்குப் போகப் போகிறேன் என்றேன். அவர் உடனே எழுந்து பக்கத்தில் கிடந்த மூட்டையை நகர்த்தி வழி விட்டார்.

"போலே, போலே. மாவ் சக்காப் சாமா சியாப்பா?" என்றார். தாராளமாகப் பேசலாம், யாரோடு பேச வேண்டும் என்று கேட்கிறார்.

நான் அதை யோசித்தே வரவில்லை. கருவியைப் பற்றித்தான் யோசித்திருந்தேனே தவிர, அந்தப் பக்கம் ஓர் ஆள் வேண்டும் என்பது மனதில் படவேயில்லை. டெலிபோன் வைத்திருக்கும் யாரையும் எனக்குத் தெரியாது. டெலிபோன் இல்லாதவர்களிலும், கூப்பிட்டுப் பேச எனக்கு யார் இருக்கிறார்கள் என்று அந்த நிமிஷத்தில் தோன்றியது. தவுக்கே காத்துக்கொண்டு நின்றார்.

"யாரும் இல்லை. சும்மா கையில் எடுத்துப் பார்க்கிறேன்" என்றேன்.

அவர் தலையசைத்துவிட்டுத் தன் தராசுப் பக்கம் போய்விட்டார். நான் கேட்கும் குழலை எடுத்துக் காதில் வைத்தேன். இரைச்சல் மாதிரி ஏதோ கேட்டது. பிறகு மிகப் பக்கத்தில், காதுக்குள்ளேயே ஒரு பெண் குரல், "நம்பர் ப்ளீஸ்" என்றது. நான் வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. அந்தப் பெண் இன்னொரு தடவை அதே மாதிரி, கோபமில்லாமல், "நம்பர் ப்ளீஸ்" என்றாள். குழலை மாட்டிவிட்டு, தவுக்கேயிடம் சொல்லிக்கொள்ளக்கூட இல்லாமல் வந்துவிட்டேன்.

இண்டர்வியூவுக்கு முந்தின நாள் சாயங்காலம், சாப்பிட்டு முடித்து அப்பா வாசலோரம் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் சுவரைப் பார்த்து எண் சொல்லிக்கொண்டிருந்ததைக் கவனித்திருக்கிறார். காது கேட்காதவர் என்பதால் அவரும் உரக்கத்தான் பேசுவார்.

"என்ன வேலைன்னு இன்னும் ஒழுங்கா சொல்லலியே நீ!"

கையைக் காதில் வைத்து, இன்னொரு கையால் கம்பி செருகுவது போலக் காட்டினேன். "ஆளுங்க நம்பர் கேப்பாங்க. நான் லைன் சேத்து விடணும்."

"முகந்தெரியாத ஆம்பளைங்க கூடவா?"

"நம்பர் மட்டுந்தான்ப்பா. வேற ஒண்ணும் பேசக்கூடாது."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நினைக்கிறாரோ என்று எனக்குத் தோன்றியது. பிறகு முக்காலியை என் எதிரே இழுத்துப் போட்டார்.

"சரி. எதுக்கு செவுத்துகிட்ட பேசுற? எங்கிட்ட சொல்லு, நான் பாக்குறேன்."

நான் இங்கிலீஷில் எண்களைச் சொல்லத் தொடங்கினேன். அப்பா முழங்காலில் கைகளை ஊன்றி, என் உதடுகளை விட்டுக் கண்ணை எடுக்காமல் பார்த்தார். ஒவ்வொரு எண்ணுக்கும் தலையை ஆட்டினார். "நல்லாருக்கு. ம், அடுத்தது." எனக்கு உற்சாகமாக இருந்தது. அத்தனை நாளில் முதல் தடவையாக யாரோ ஒருவர் எதிரில் இருக்கிறார். கொஞ்ச நேரத்தில் ஓர் எண்ணில் தடுக்கி, அர்த்தமே இல்லாத ஏதோ சத்தம் வாயில் வந்துவிட்டது. அப்பா அதற்கும் தலையை ஆட்டினார். "நல்லாருக்கு."

தமிழில் பேசினால் என் உதட்டைப் படிக்கத் தெரிந்தவர்தான். இங்கிலீஷ் அவருக்கு எழுத்தும் தெரியாது, பேச்சும் தெரியாது. நான் எது சொன்னாலும் அவருக்கு ஒன்றுதான். ஆனால் முகத்தில் அவ்வளவு கவனம். நான் நிறுத்தவில்லை. மிச்ச எண்களையும் சொன்னேன், அவரும் கடைசி வரை தலையாட்டினார். கொசு அதிகமான பின் இருவரும் எழுந்து உள்ளே போனோம். அன்றைக்குச் சுவர் முன்னால் உட்கார்ந்திருந்ததைவிட அதிகத் தனிமையாக இருந்தது எனக்கு.

பள்ளிக்கூடத்து வெள்ளை கவுனின் மடிப்பைப் பிரித்து நீளமாக்கி வைத்திருந்தேன். எவ்வளவு துவைத்தும் பழைய மடிப்பின் கோடு தெரிந்தது. காலையில் அப்பா வேலைக்குக் கிளம்பும்போது என் தலையில் கையை வைத்து, "சத்தமாப் பேசு, பயப்படாத" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் ரயிலேறிக் கோலாலம்பூர் போனேன்.

டெலிபோன் ஆபீசில் காத்திருந்த பெண்களில் பெரும்பாலோர் யுரேஷியர்கள், வெள்ளைக்காரக் கலப்பில் பிறந்தவர்கள். எல்லோருடைய பக்கத்திலும் ஓர் அம்மாவோ அத்தையோ இருந்தார். ஒருத்தியின் அம்மா அவள் காலரைச் சரிசெய்துகொண்டே என்னிடம், யாரோடு வந்தாய் என்று இங்கிலீஷில் கேட்டார். தனியாக வந்தேன் என்றேன். அவர் என் கவுனின் மடிப்புக் கோட்டைப் பார்த்துவிட்டுச் சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். பார்த்ததை நான் கவனித்துவிடக்கூடாது என்ற நல்லெண்ணம்தான்.

என்னை ஒரு சிறிய அறையில் உட்கார வைத்துத் தலையில் காது மாட்டியைப் போட்டார்கள். மார்பில் தொங்கும் குழலில் பேச வேண்டும். வேறோர் அறையிலிருந்து ஒரு குரல் எண்ணைச் சொல்லும், அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். முதல் எண் வந்தது. அப்பா சொன்னது மட்டும்தான் தலையில் இருந்தது. சத்தமாகச் சொன்னேன். கதவு திறந்தது. வெள்ளைக்கார மேற்பார்வையாளர் அம்மாள் தலையை நீட்டி, சுவர் வழியாகவே கேட்கிறது, கருவி தேவையில்லை என்றார். வெளியே காத்திருந்தவர்கள் சிரித்தது கேட்டது. அடுத்த எண்ணுக்குப் பள்ளிக்கூடத்துக் குரலை எடுத்தேன். இப்போது ஒன்றும் கேட்கவில்லை என்று காதுக்குள் அந்தக் குரல் சொன்னது. இன்னொரு எண். மறுபடி சத்தம். அதற்கடுத்தது மறுபடி முணுமுணுப்பு. கண் கலங்கி மேஜை தெரியாமல் போனது. காது மாட்டியைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்துவிடலாம் என்று கையைத் தூக்கினேன்.

அப்போது அந்தக் குரல் எண் சொல்வதை நிறுத்தியது. "காலையில் என்ன சாப்பிட்டாய்?" என்று இங்கிலீஷில் கேட்டது.

"ரொட்டி. கோப்பி."

"யார் போட்டுக் கொடுத்தது?"

"நானே."

"வீட்டில் யாரோடு பேசுவாய்?"

"அப்பாவோடு. அவருக்குக் காது கேட்காது."

"ஓ" என்றது அந்தக் குரல். "இப்போது எப்படிப் பேசினாயோ, அதேபோல் எண்களைச் சொல்."

சொன்னேன். எப்படிப் பேசினேன் என்று யோசிக்க நேரமில்லை, அடுத்தடுத்து எண்கள் வந்துகொண்டே இருந்தன. முடிந்து வெளியே வந்தபோது அடுத்த அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே மூன்று பெண்கள் இருந்தார்கள். யாரும் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. என்னோடு பேசியது யார் என்று தெரியாமலே ரயிலேறி வீட்டுக்கு வந்தேன்.

வேலை கிடைத்தது. முதலில் சோதனைக்கு வைத்துப் பார்ப்போம் என்றார்கள், பிறகு நிரந்தரமாக்கினார்கள். என்னிடம் காலைச் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டவர் அங்கே மூத்த ஆபரேட்டராக இருந்த ஒல்லியான யுரேஷிய அம்மாள் என்பது சேர்ந்த பின், குரலை வைத்துத் தெரிந்தது. நேரில் அவர் கடுகடுப்பானவர். காலை வணக்கத்துக்கு மேல் என்னிடம் ஒரு வார்த்தை பேசமாட்டார். நன்றி சொல்ல இரண்டு தடவை கிட்டே போனேன். இரண்டு தடவையும் அவர் கையிலிருந்த வேலையைக் காட்டி என்னை இடத்துக்கு அனுப்பிவிட்டார். வேலை நேரத்தில் பக்கத்தில் இருப்பவளோடு பேசக்கூடாது என்பது சட்டம். ஒரு நாளைக்கு எத்தனையோ பேர் குரலைக் கேட்டேன். வேலை முடிந்து ஸ்டேஷனுக்கு நடக்கும்போது கூட வர ஆள் இல்லை.

சேர்ந்து சில மாதம் கழித்து ஒருநாள் கிள்ளானிலிருந்து ஓர் அழைப்பு. ஏதோ கடையிலிருந்து பேசுகிறார். "ஆசுபத்திரி! ஆசுபத்திரி!" என்று கத்துகிறார், எங்கள் அப்பா மாதிரியே. இங்கிலீஷ் தெரியவில்லை. ஆபீசில் இங்கிலீஷ்தான் பேச வேண்டும். நான் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "எந்த ஆசுபத்திரிங்க? கோலாலம்பூர் பெரிய ஆசுபத்திரியா?" என்று கேட்டேன்.

அவர் சத்தம் அப்படியே அடங்கிவிட்டது. "அட, தமிழ்ப் பொண்ணா? தாயி, எம் பொஞ்சாதிய அங்கதான் கொண்டு போனாங்க. பிள்ளைப்பேறு. நேத்து போனவ, ஒரு தகவலும் இல்ல. மூத்ததும் ரெண்டாவதும் இங்க அழுதுகிட்டு..." சொல்லிக்கொண்டே போனார். எனக்குக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும் போல இருந்தது. மேற்பார்வையாளர் அம்மாள் இந்தப் பக்கம் நடந்து வருவது தெரிந்தது. "லைன் குடுக்குறேன், அண்ணே. அங்க கேளுங்க" என்று சொல்லிக் கம்பியைச் செருகிவிட்டேன். அதற்கு மேல் கேட்பது தப்பு.

அன்று சாயங்காலம் அதை அப்பாவிடம் சொன்னேன். தமிழ்தான், ஆகையால் என் வாயைப் பார்த்து ஒரு வார்த்தை விடாமல் புரிந்துகொண்டார். பிள்ளைகள் அழுததைச் சொன்னபோது உச்சுக்கொட்டினார்.

"அப்புறம்? பொம்பள பொழைச்சாளா?"

"தெரியலப்பா. லைன் குடுத்ததோட என் வேலை முடிஞ்சிருச்சு."

அவருக்கு அது புரியவில்லை. ஒரு மனுஷன் அவ்வளவு சொன்ன பின் முடிவு எப்படித் தெரியாமல் போகும்? மறுநாள் நான் வீட்டுக்குள் நுழைந்ததுமே கேட்டார், "கிள்ளான்காரர் கூப்பிட்டாரா?" இல்லை என்று தலையசைத்தேன். அதற்கடுத்த நாளும் கேட்டார். பல நாள் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஒருநாள் கேட்பதை விட்டுவிட்டார்.