மரியமுத்தக்கா இருக்கச் சொன்ன இடம்

ஏழு கடலிலும் ஓடுகிற கப்பல்களின் கப்டன்மார் எல்லாரும் ஒருநாள் கூடித் தங்களுக்கு ஒரு தலைவரைத் தெரிவு செய்வதென்றால், நெடுந்தீவு மாவிலித்துறைக்கு ஆள் அனுப்பி மரியமுத்தக்காவைத்தான் கேட்க வேண்டும். அவர் சம்மதிக்கமாட்டார். புதனும் சனியும் யாழ்ப்பாணத்துக்கு நெய் கொண்டுபோக வேண்டும். மிச்ச நாட்களில் மாடு பார்க்க வேண்டும். ஏழு கடலையும் பார்க்க அவருக்கு எங்கே நேரம்?

அக்கரைக்குப் போகிற மோட்டார் லோஞ்சு புறப்பட இன்னும் கால் மணித்தியாலம் இருக்கிறது. மரியமுத்தக்கா ஒரு தபாற்காரரின் சட்டைப்பைக்குள் தேசிக்காய் ஒன்றைத் திணிக்கிறார். “கடியாதேங்கோ. நகத்தாலை கீறிப்போட்டு மணந்தால் காணும்.” தான் ஒன்றும் கேட்கவில்லையே என்கிறார் தபாற்காரர். கேட்டவர்களுக்கு மட்டும் சொல்லும் வழக்கம் மரியமுத்தக்காவிடம் இல்லை.

ஐம்பது வயது இருக்கும். கட்டையான ஆள். இடுப்பில் நெய்ப்போத்தல் அடுக்கிய பனையோலைக் கடகம், கழுத்தில் கறுப்புக் கயிற்றில் அந்தோனியார் பதக்கம், சேலைத் தலைப்பில் முடிந்த நாலைந்து தேசிக்காய். நெடுந்தீவிலிருந்து அக்கரையில் குறிகட்டுவான் துறைக்கு லோஞ்சில் ஒரு மணித்தியாலம். அந்த ஒரு மணித்தியாலத்துக்குள் ஒரு மனிதரின் வயிற்றுக்கும் தலைக்கும் என்னென்ன நடக்கலாம் என்பதை இருபது வருடமாகப் பார்த்து வைத்திருக்கிறார்.

நீங்கள் எப்போதாவது எங்கள் தீவுக்கு வருவதென்றால் அவருடைய சட்டங்களை முதலே அறிந்து வருவது நல்லது. பால்தேத்தண்ணீர் குடித்துவிட்டு ஏறக்கூடாது. காய்ந்த பாண் இரண்டு துண்டு போதும். பேப்பர் வாசிக்கக்கூடாது. பக்கத்தில் அடிக்கிற அலையைப் பார்க்கக்கூடாது. தூரத்தில் அசையாமல் நிற்கிற ஒன்றைப் பார்க்க வேண்டும். ஒன்றும் தெரியாவிட்டால் வானம் முடிகிற கோட்டைப் பார்க்கலாம். வயிற்றைப் பிரட்டிச் சத்தி வந்தே தீருமென்றால் காற்று வருகிற பக்கம் திரும்பக்கூடாது. இந்தக் கடைசிச் சட்டத்துக்கு ஒரு சாட்சியும் உண்டு. முன்பிருந்த ஒரு போஸ்ட்மாஸ்டர் இதைக் கேட்காமல் காற்றுப் பக்கம் திரும்பினார். பின்னால் இருந்த ஆறு பேர் அன்று வேட்டி மாற்ற வேண்டி வந்தது. அந்தக் கிழமை பிறந்த கன்றுக்கு மரியமுத்தக்கா “போஸ்மாஸ்டர்” என்று பெயர் வைத்தார். கன்று இப்போது பெரிய எருதாகிவிட்டது. அந்த அதிகாரிக்கு மாற்றம் கிடைத்துப் போய்விட்டது.

எல்லாவற்றுக்கும் தலையான சட்டம் இரண்டே சொல்: “நடுவிலை, கீழை.” லோஞ்சின் வயிற்றுக்குள், எஞ்சின் பெட்டிக்குப் பக்கத்து வாங்குப் பலகையில் ஆட்டம் மிகக் குறைவு. எண்ணெய் மணக்கும், இருட்டாக இருக்கும், ஆனால் குடல் தன் இடத்தில் கிடக்கும். பெண்களையும் குழந்தைகளையும் தோளில் பிடித்து அந்த வாசலுக்குள் அனுப்பிவிட்டுத்தான் அவர் தானும் இறங்குவார்.

போன வருடத்தோடு சட்டங்கள் கூடிவிட்டன. போன வருடம் வைகாசியில் நடுக்கடலில் லோஞ்சை மறித்து ஏறினவர்கள் எங்கள் சனங்களை வெட்டிப்போட்டுப் போனதை நான் விரித்து எழுதப்போவதில்லை. எழுத எனக்குக் கை வராது. அன்று மரியமுத்தக்காவும் போயிருக்க வேண்டியவர். மாடு கன்று போடப் பிந்தியதால் நின்றுவிட்டார். லோஞ்சு திரும்ப ஓடத் தொடங்கிய முதல்நாள், அதில் ஏறிய முதற்பெண் அவர்தான். நடுங்கவில்லையா என்று கேட்டேன்.

“நான் நடுங்கேல்லை. போத்தலுக்கை நெய்தான் நடுங்கிச்சுது” என்றார்.

புதிய சட்டங்கள் இவை: அடையாள அட்டையைப் பெட்டிக்கு அடியில் வைக்கக்கூடாது, பொலித்தீன் பையில் சுற்றி நெஞ்சோடு வைத்திருக்க வேண்டும். நேவிப் படகின் சத்தம் கேட்டால் எழும்பக்கூடாது. இரண்டு கையும் மடியில் தெரிய இருக்க வேண்டும். குழந்தை அழுதால் அழட்டும், வாயைப் பொத்தக்கூடாது. இவற்றையெல்லாம் சத்தமாகச் சொல்லிவிட்டுக் கடைசி ஒன்றை மட்டும் தாழ்ந்த குரலில் சொல்வார். “பக்கத்திலை இருக்கிறவையின்ரை பேரையும் தேப்பன் பேரையும் கேட்டு வைச்சிருங்கோ.” ஏன் என்று அவர் சொல்வதில்லை. யாரும் கேட்பதுமில்லை. பிறகு கொஞ்ச நேரம் லோஞ்சுக்குள் இருந்து வெறும் பெயர்கள் மட்டும் கேட்கும். துறையில் நிற்பவர்களுக்கும் கேட்கும்.

இப்படிப்பட்டவரின் தொழிலில், பள்ளிக்கூடத்தை விட்டுத் துறையில் பொழுதுபோக்கிக்கொண்டிருந்த நான் ஒருமுறை கை வைத்தேன். பரமலிங்கம் மாஸ்டர் யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து எங்கள் தீவுக்குப் புதிதாகப் படிப்பிக்க வந்தவர். லோஞ்சைக் கண்டாலே மஞ்சளாகிவிடுவார். அவரை ஒதுக்குப்புறமாகக் கூட்டிப்போய், மரியமுத்தக்கா எல்லாருக்கும் சொல்லாத இரகசியம் ஒன்று உண்டு என்றேன். ஏறும்போது வாய் நிறையத் தண்ணீர் எடுத்து, விழுங்காமல் குறிகட்டுவான் மட்டும் வைத்திருந்தால் தலை சுற்றாது. படித்த மனிதர், நம்பிவிட்டார்.

போய் வந்தவர்கள் பிறகு சொன்னது இது: அன்று பாதி வழியில் நேவிப் படகு வந்து லோஞ்சை நிற்பாட்டியது. ஏறி வந்தவன் ஒவ்வொருவராகப் பெயர் கேட்டான். பரமலிங்கம் மாஸ்டர் இரண்டு கன்னமும் ஊதிப்போய், விழி பிதுங்கி, வாய் திறக்காமல் இருந்தார். விழுங்கவும் அவருக்குப் பயம், துப்பவும் பயம். கேட்டவன் துவக்கை மற்றக் கைக்கு மாற்றினான். மரியமுத்தக்கா எழும்பாமல் இருந்தபடியே தன் கன்னத்தைப் பொத்தி முனகிக்காட்டி, “மாஸ்டருக்குப் பல்லுக்கொதி, மகன்” என்றார். தமிழ் விளங்கியதோ என்னவோ, அவன் கன்னத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு அடுத்த ஆளிடம் போனான். மாஸ்டர் அப்போதுதான் விழுங்கினார்.

பின்னேரம் திரும்பி வந்து இறங்கியதும் மரியமுத்தக்கா நேரே என்னிடம் வந்தார். அடிக்கவில்லை, ஏசவில்லை. அடுத்த தரம் புறப்படும்போது என் வாய் நிறையத் தண்ணீர் ஊற்றி, லோஞ்சு கண்ணுக்கு மறையும்வரை துறையிலேயே நில் என்றார். நின்றேன். லோஞ்சு ஒரு புள்ளியாகிக் கரைந்து போக நாற்பது நிமிடம் எடுத்தது. அந்தத் தண்ணீர் கடைசியில் உப்புக் கரித்ததற்குக் கடற்காற்றுத்தான் காரணம்.

தீவில் மரியமுத்தக்காவின் சொல் எடுபடாத ஆள் ஒருவர்தான். அவருடைய மகள் பிலோமினா அக்கா. தலைப்பிள்ளை வயிற்றில், புருசன் சவூதியில். இந்த ஆடி பிறந்ததும் மருத்துவிச்சி வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, பிள்ளை குறுக்கே கிடக்கிறது, இங்கே வைத்துப் பெறுவிக்க ஏலாது, பிரசவ நோ தொடங்க முன்னம் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட வேண்டும் என்றார். பத்து நாள்தான் தவணை. பிந்தினால் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை என்பதை அவர் மகளுக்குக் கேட்காமல் மரியமுத்தக்காவின் காதுக்குள் சொன்னார். மரியமுத்தக்காவுக்குத் தெரிந்தது துறைக்குத் தெரிய நேரம் எடுக்காது.

வீட்டில் கேட்டால் மகள் ஓம் என்பார். துறைக்கும் வருவார். லோஞ்சின் வாசலைக் குனிந்து பார்ப்பார். திரும்பி நடந்துவிடுவார். ஒரு சனிக்கிழமை அப்படி நடந்தது, அடுத்த புதன்கிழமையும் நடந்தது.

மரியமுத்தக்கா தன் இருபது வருட வித்தை முழுவதையும் மகளில் இறக்கினார். தேசிக்காயை மாற்றி நார்த்தங்காய் கொண்டுவந்தார். வேர்க்கொம்பு தட்டிப் போட்டுக் கோப்பி கொடுத்தார். படுத்திருந்தபடியே முகட்டில் ஒரே ஓலையை அசையாமல் பார்த்துப் பழகச் சொன்னார். மாஸ்டரைக்கூட வீட்டுக்குக் கூப்பிட்டு, அவர் எத்தனை தரம் கடந்து உயிரோடு இருக்கிறார் என்று காட்டினார். தன் வயிற்றில் பிறந்தது கேவலம் ஒரு சத்திக்குப் பயப்படுகிறதே என்று அவருக்கு வெட்கம். வெட்கத்துக்கு அடியில் வேறொன்று இருந்தது. அந்தக் கிழமை அவர் யாருக்கும் தேசிக்காய் கொடுக்கவில்லை. புதிதாக வந்த ஒரு குடும்பம் ஆட்டம் கூடிய முன்பக்கத்து அணியத்தில் போய் இருந்ததை அவர் கவனிக்கவேயில்லை.

போன சனிக்கிழமை மூன்றாம் தரம். பத்து நாளில் எட்டு நாள் போய்விட்டது. விடியத்தொடக்கம் இடுப்பு உளைவதாக மகள் சொல்லியிருந்தார். தென்மேற்கிலிருந்து சோழகக் காற்று விசிறி அடித்தது. கடல் கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளை வெள்ளையாகக் கிழிந்து கிடந்தது. லோஞ்சு ஓட்டுகிற கிறிஸ்தோப்பர், இன்றைக்கு நேரத்தோடு போகிறேன், இந்தக் காற்று நின்றால் ஒழிய நாளைக்கும் மறுநாளும் ஓட்டமில்லை என்று சொல்லிவிட்டார். எல்லாரும் ஏறிவிட்டார்கள். பிலோமினா அக்கா படியில் நின்று தூணைப் பிடித்தவர் பிடித்தபடி நின்றார்.

“நடுவிலை, கீழை இருத்திறன், பிள்ளை. ஒரு சொட்டுச் சத்தி வராது.”

“ஏலாதம்மா.”

“சத்தி வந்தாலும் ஒரு மணித்தியாலம்தானே. நான் ஏந்திறன்.”

மகள் அந்தக் கறுத்த வாசலைப் பார்த்தார். தூணில் இருந்த விரல்கள் வெளுத்துவிட்டன. மரியமுத்தக்கா நார்த்தங்காயை எடுக்கச் சேலைத் தலைப்பின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார். முடிச்சு அவிழவில்லை. இதற்குமேல் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

“அக்கா, அவ சத்திக்குப் பயப்பிடேல்லை” என்றேன். “கீழை இறங்கத்தான் பயப்பிடுறா. உள்ளுக்கை இருந்தால் ஆர் வாறாங்களெண்டு தெரியாது. வெளியிலை வர ஒரு வாசல்தானே இருக்கு.”

பிலோமினா அக்கா தூணில் முகத்தை வைத்து அழத் தொடங்கினார். அது ஓம் என்பது போலத்தான் இருந்தது.

மரியமுத்தக்கா அவிழாத முடிச்சை அப்படியே விட்டார். பிறகு கிறிஸ்தோப்பரிடம், மகள் மேல்தட்டில் இருப்பாள் என்றார். இந்தச் சோழகத்துக்குள் வயிற்றுப்பிள்ளைக்காரியை மேலே வைத்துக்கொண்டு ஓட ஏலாது, கீழேதான் இருத்த வேண்டும், இது நீங்கள் சொல்லித்தந்த சட்டம்தானே அக்கா என்றார் கிறிஸ்தோப்பர்.

“ஏலாட்டில் நீர் கீழை போய் இரும். நான் ஓட்டிறன்.”

கிறிஸ்தோப்பர் விலகி இடம் விட்டார். சுக்கானுக்கு முன்னால் வைக்கோற் சாக்கு இரண்டை அடுக்கினார்கள். மகளை அதில் இருத்தி, மரியமுத்தக்கா தன் மாற்றுச் சேலையால் இடுப்பைச் சுற்றிக் கம்பியோடு கட்டினார். நாலைந்து ஆம்பிளைகள் காற்றுப் பக்கம் முதுகைக் காட்டிச் சுவர்போல் இருந்தார்கள். பரமலிங்கம் மாஸ்டர் முதலாவதாகப் போய் இருந்தார், முகம் மஞ்சளாகவே. பிலோமினா அக்கா நாலு பக்கமும் பார்த்தார். கடல், வானம், தீவு, எல்லாம் தெரிந்தது. முதற்தரமாக மூச்சை இழுத்துவிட்டார்.

மரியமுத்தக்கா கடகத்தை எடுக்கத் துறைக்கு இறங்கி வந்தார். குனிந்தவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“என்ரை பிள்ளை எனக்கே சொல்லேல்லை. உனக்கு எப்பிடித் தெரியும்?”

ஆருக்கும் தெரியும்தானே என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. மனதுக்குள் ஒவ்வொரு புதனாக, ஒவ்வொரு சனியாகப் பின்னுக்குப் போய்ப் பார்க்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது.

“போன வருசம் வைகாசிக்குப் பிறகு உன்னை ஒருநாளும் நான் லோஞ்சுக்குள்ளை காணேல்லை. துறையிலை நிண்டு ஆக்களைப் பேய்க்காட்டினதோடை சரி.” குரல் தாழ்ந்தது. “அக்கரைப் பள்ளிக்கூடத்தை ஏன் விட்டனி?”

ஊருக்குச் சொல்லி வைத்திருந்த காரணத்தையே அவருக்கும் சொன்னேன். கணக்குப் பாடம் ஓடவில்லை.

“கணக்கு” என்றார், புளித்துப்போன தயிரை மணந்து பார்ப்பவர்போல. ஊரில் எல்லாருக்கும் புத்தி சொல்கிறவர் எனக்கு ஒரு சொல்லும் சொல்லாமல் கடகத்தைத் தூக்கிக்கொண்டு போய் ஏறினார்.

எஞ்சின் பிடித்தது. கிறிஸ்தோப்பர் கட்டையிலிருந்து கயிற்றைக் கழற்றி உள்ளே இழுக்கத் தொடங்கினார். பாதி வந்த கயிறு அதற்குமேல் வரவில்லை. மரியமுத்தக்கா அதன்மேல் ஒரு காலை ஊன்றி, ஒரு கையால் மகளின் தோளைப் பிடித்தபடி, துறையில் நின்ற என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.